இரண்டு பேர் பார்த்தது

— இறங்காதே பாப்பா. காலை மேல எடு.

— தடுக்காதீங்கப்பா. நான் கார்ல போய் உக்காந்துக்கறேன். நீங்களும் உங்க பிள்ளையும் நிதானமா எண்ணிட்டு வாங்க.

— போ. வேண்டாங்கல. கொஞ்சம் பொறுத்துப் போ. ஏணிக்குக் கீழ பன்னி நிக்குது.

— என்னது?

— காட்டுப்பன்னி. தாய். குட்டி ஆறு. இல்ல, புல்லுக்குள்ள இன்னொண்ணு. சரியா ஏழு. கடைசிப் படிக்கும் அதுக்கும் நாலடி கூட இல்ல.

— சத்தியமா நிக்குதுக்கா. கையைக் குடு, மேல வா. உன்னைவிடக் கோவமா இருக்கற மாதிரி தெரியுது.

— நல்லா இருக்கு. குடும்பத்தோட பறவை பார்க்கலாம்னு கூட்டிட்டு வந்து, கடைசில பன்னிக்குப் பயந்து பரண் மேல உக்காந்திருக்கோம்.

— மெல்லப் பேசு. குட்டியோட இருக்கற தாய் லேசுல விடாது. அது கிழங்கு தோண்டி முடிச்சுட்டுப் போற வரைக்கும் இங்கதான்.

— ரோட்டுல மாடு படுத்திருந்தா ஹாரன் அடிப்பேன்ப்பா. இதுக்கு என்ன பண்றது?

— வாயை மூடறது. மணி ஆறு அம்பது. நீர்க்காகம் பதினாலுன்னு எழுது.

— எழுதறேன். அக்கா, நீ இப்படி உக்காரு. பலகை ஈரமா இருக்கு, என் துண்டைப் போட்டுக்கோ. நான் வேணும்னு சொல்லலக்கா. தண்ணில ஏதோ கருப்பா தெரிஞ்சுது. பதினோரு வருஷப் பழக்கம், 'அம்மாவோட நீர்நாய்'னு வாய் தவறி வந்துடுச்சு.

— வாய் தவறி. நம்ம வீட்டுல எல்லாருக்கும் வாய் மட்டும்தான் தவறும். அம்மா போய் எட்டு மாசம் ஆச்சு தம்பி. அவங்க இல்லாம வர்ற முதல் எண்ணிக்கை நாள். ஏறி உக்காந்து அரை மணி ஆகல, அதுக்குள்ள அந்த வார்த்தை.

— தப்புதான். விடுக்கா.

— அப்பா, அது இருக்கட்டும். நான் வரும்போதே கேட்டேன், இன்னும் பதில் வரல. ஏன் இந்த வருஷம் மேற்குப் பரண்?

— கிழக்குப் பரண்ல பலகை ஆடுது.

— ஆடலியேப்பா. போன வாரம் நானும்தானே உங்ககூட வந்து ஏறிப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்துது.

— நீ சும்மா இரு.

— சொல்லுங்க பார்ப்போம். இருபத்தாறு வருஷமா கிழக்குப் பரண்லதான் எண்ணுவீங்க. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், எதிர்க்கரைல தவளை குதிச்சாக்கூட அங்கேர்ந்து தெரியும்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் பெருமையா சொல்லுவீங்க. இங்க பாருங்க, வெயில் நேரா கண்ணுல அடிக்குது. தண்ணி பூரா தகரம் மாதிரி மின்னுது. எது வாத்து, எது கல்லுன்னு தெரியல. முப்பது வருஷம் நிலம் அளந்தவருக்குத் திசை மறந்து போச்சா?

— ஒரு மாத்தத்துக்குத்தான். முக்குளிப்பான் ஆறு. எழுதுடா.

— ஆறு. எழுதிட்டேன். அப்பா, இவ்வளவு கிட்ட வந்து பார்த்தா அந்தப் பன்னிக்குட்டி முதுகுல கோடு கோடா அழகா இருக்குல்ல?

— இது அம்மாவோட பரண், அப்பா. அதுக்காக வந்தீங்களா?

— யாரோட பரணும் இல்ல. காட்டிலாகா கட்டினது.

— நல்லா இருக்கு. வருஷா வருஷம் நீங்க முப்பது பேரை வெச்சுக்கிட்டு அந்தக் கரைல எண்ணுவீங்க. அம்மா தனியா இங்க வந்து உக்காருவாங்க. வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையா கூப்பிடுவாங்க. 'ஒரே ஒருத்தர் வாங்க போதும், ஏழு மணிக்கு வாங்க, ஏழரைக்குப் போயிடலாம்.' எதுக்கு ஒரே ஒருத்தர்? நீங்க போட்ட சட்டத்தால.

— சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒருத்தர் பார்த்தா அது பேச்சு. ரெண்டு பேர் பார்த்தாதான் நோட்டுல ஏறும். நானே தனியா பார்த்த கழுகு ஒண்ணு இருக்கு, இன்னிக்கு வரைக்கும் எழுதல.

— உங்க கழுகைச் சொல்லி யாரும் சிரிக்கல.

— அப்பா, பெரிய நாரை ரெண்டு இறங்குது. வலது பக்கம்.

— பார்த்தேன். எழுது.

— பேச்சை மாத்தாதே தம்பி. அம்மா நீர்நாய் பார்த்த அன்னிக்கு என்ன நடந்துதுன்னு உனக்குத் தெரியாது. நீ கார்ல தூங்கிட்டு இருந்தே.

— ராத்திரி டூட்டி முடிச்சு நேரா வந்தேன்க்கா.

— நான் அப்பா பக்கத்துல உக்காந்து எழுதிட்டு இருந்தேன். அவர் டெலஸ்கோப்ல கண்ணை வெச்சுக்கிட்டு சொல்லச் சொல்ல நான் எழுதணும். அந்த வருஷம் வாத்து அப்படி வந்திருந்துது, ஏரியே தெரியல. பாதி ஏரி எண்ணியாச்சு. தொள்ளாயிரம் வரைக்கும் சொன்னார். அப்புறம் நிறுத்திட்டார். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. 'அடுத்து எவ்வளவுப்பா'ன்னு நான் கேட்டேன். அப்பதான் எதிர்க்கரைலேர்ந்து அம்மா கத்தினாங்க. 'நீர்நாய், நீர்நாய், எல்லாரும் வாங்க'ன்னு. மொத்த வாத்தும் எழும்பிடுச்சு.

— ஒரு வருஷக் கணக்கு போச்சு.

— ஆமா, போச்சு. அதுக்கு என்ன பண்ணினீங்க? டீ குடிக்க எல்லாரும் வட்டமா உக்காந்திருக்கறப்ப, அம்மா ஓடி வந்தாங்க. புடவை முழங்கால் வரைக்கும் சேறு. மூச்சு வாங்குது. 'ரெண்டு இருந்துது, மீன் தின்னுது, மீசை கூட தெரிஞ்சுது'ன்னு சொல்றாங்க. நீங்க நிமிர்ந்துகூடப் பார்க்கல. 'மிதக்கற கட்டைக்கு மீசை முளைச்சதைப் பார்த்த ஒரே ஆள் என் பெண்டாட்டிதான்'னீங்க. முப்பது பேரும் சிரிச்சாங்க.

— ...கோவத்துல சொன்னது.

— கோவம் அன்னிக்குச் சாயங்காலமே போயிருக்கும்ல? வார்த்தை போகலியே. வீட்டு மேல்தளத்துல தண்ணி ஒழுகுதுன்னு அம்மா சொன்னா, நீர்நாய். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி இருக்கார், போய் என்னன்னு கேளுங்கன்னா, நீர்நாய். சாவியை இங்கதான் வெச்சேன்னா, நீர்நாய். மேல்தளம் இடிஞ்சு விழுந்தப்பறம்தான் ஆள் வரவழைச்சீங்க.

— நானும்தான்க்கா சொல்லியிருக்கேன். அப்பாவை மட்டும் ஏன் பிடிக்கறே? பிறந்தநாளுக்குப் பஞ்சுல செஞ்ச நீர்நாய் பொம்மை வாங்கிக் குடுத்தது நான்தானே. அம்மா சிரிச்சாங்க. ஃப்ரிட்ஜ் மேல வெச்சு தூசிகூடத் தட்டிட்டு இருந்தாங்க.

— சிரிச்சாங்க. நீ பஸ் எடுக்கக் கிளம்பினதும் அதைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சுடுவாங்க. நீ வர்ற நேரம் பார்த்து மறுபடி இந்தப் பக்கம் திருப்புவாங்க. உன் மனசு நோகக் கூடாதாம்.

— ...இதை நீ எங்கிட்ட சொல்லியிருக்க வேண்டாம்க்கா.

— நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. போன வருஷம் ஒருநாள் லேப்ல இருக்கேன். வரிசைல பதினஞ்சு பேர், ஒரு குழந்தைக்கு நரம்பே கிடைக்கல. அம்மா ஃபோன் பண்றாங்க. எடுத்த உடனே என்ன சொன்னாங்க தெரியுமா? 'பாப்பா, இது நீர்நாய் இல்லம்மா. நிஜமாவே வயிறு வலிக்குது.' பெத்த பொண்ணுகிட்ட வலிக்குதுன்னு சொல்றதுக்கு முன்னாடி, பொய் இல்லன்னு சொல்ல வேண்டியிருக்கு. நான் என்ன பண்ணேன்? சிரிச்சேன். 'அஜீரணமா இருக்கும், மாத்திரை போட்டுக்கோங்க'ன்னு வெச்சுட்டேன்.

— பாப்பா, போதும்.

— போதாதுப்பா. மூணு மாசம் கழிச்சு அவங்க ரத்தம் எங்க லேப்புக்கே வந்துது. நான்தான் மெஷின்ல வெச்சேன். எண்ணைப் பார்த்துட்டு மெஷின்தான் கெட்டுப் போச்சுன்னு நினைச்சேன். மறுபடி ஓட்டினேன். அதே எண். உங்க சட்டம்தான். ரெண்டு தடவை பார்த்தப்பறம்தான் எங்கம்மாவை நான் நம்பினேன்.

— டாக்டர் சொன்னாரே. மூணு மாசம் முன்னாடி வந்திருந்தாலும்னு.

— 'வந்திருந்தாலும்'னு ஆரம்பிச்சார். முடிக்கல. நீங்க அதுக்குள்ள 'சரிங்க டாக்டர்'னு எழுந்துட்டீங்க.

— அப்பா, தண்ணி குடிங்க. அக்கா, நீயும் குடி. இந்தா. கீழ பன்னி தலையைத் தூக்கிப் பார்க்குது, நம்ம சண்டையை அதுவும் கேக்குது.

— நீ சிரிக்க வைக்காதே. எனக்கு இன்னிக்குச் சிரிப்பு வராது. அப்பா, நான் இங்க ஏன் வந்தேன்னு சொல்லிடறேன். அடுத்த வாரம் இந்த நோட்டைக் காட்டிலாகா ஆபீஸ்ல குடுக்கப்போறீங்க. இந்த ஏரில இருக்கற உசுரு எல்லாத்தையும் அதை வெச்சுப் புஸ்தகமா போடப்போறாங்க. இருபத்தாறு வருஷம். யார் யாரோ பார்த்தது இருக்கு. பக்கத்து வீட்டுச் சின்னப் பொண்ணு பார்த்த மீன்கொத்தி இருக்கு. அம்மா பேர் ஒரு இடத்துலயும் இல்ல. அவங்க வாழ்நாள்ல ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. அந்த ஒரு வரி எழுதுங்க. அதுக்குத்தான் லீவு போட்டு வந்தேன்.

— மணி ஏழு பத்து.

— நான் என்ன கேக்கறேன், நீங்க மணி சொல்றீங்க.

— காத்து நம்ம பக்கமா அடிக்குது. அதுக்கு வாடை போகாது. இனிமே யாரும் பேசாதீங்க.

— எதுக்கு வாடை போகாது?

— சொன்னா கேளு பாப்பா. பேசாதே. பத்து நிமிஷம்.

— ...

— அப்பா. அங்க அந்தச் சாய்ஞ்ச மரத்து வேர். ஏதோ மிதக்குது.

— ம்.

— கட்டை மாதிரி இருக்கு.

— கட்டை முங்காதுடா.

— முங்கிடுச்சு. அப்பா, அது முங்கிடுச்சு. அதோ, எழும்புது. வாயில மீனு. அக்கா, மெல்ல, மெல்ல எழுந்திரு. வேர் மேல ஏறுது பாரு.

— எங்க? எனக்கு வெயில்ல ஒண்ணும்... ஐயோ.

— இன்னொண்ணு. பின்னால இன்னும் ரெண்டு. சத்தம் கேக்குதாக்கா? மீன் எலும்பை மென்னு தின்ற சத்தம். நம்ம நாய் பிஸ்கட் தின்ற மாதிரி.

— மீசை. தம்பி, மீசை தெரியுதுடா. வெயில்ல பளபளன்னு. அம்மா இதையேதானே சொன்னாங்க. கழுத்துல வெள்ளை, மீசைல சொட்டு சொட்டா தண்ணின்னு.

— அஞ்சு. இடது ஓரத்துல ஒண்ணு படுத்திருக்கு, பார்த்துக்கோங்க. சரியா அஞ்சு.

— அழாதக்கா.

— விடு. அழுதுக்கறேன். இதே நேரம்தான். ஏழு இருபது. பத்து வருஷம் இந்தப் பலகைல உக்காந்து இதைத்தானே காட்டக் கூப்பிட்டாங்க. ஒரு தடவை நான் வந்தேன். பத்து நிமிஷம் ஃபோனைப் பார்த்துட்டு, 'குளிருதும்மா'ன்னு இறங்கிப் போயிட்டேன். திரும்பிப் பார்த்தா அவங்க இங்கேர்ந்து கையாட்டறாங்க, பரவால்ல போன்னு.

— போகுது. ஒண்ணொண்ணா இறங்குது. கோரைக்குள்ள போகுது. போயிடுச்சுப்பா.

— ஏழு இருபத்தாறு. எழுது. நீர்நாய் அஞ்சு. பார்த்தவங்க மூணு பேர்.

— எழுதிட்டேன். கீழ பன்னியையும் காணோம். குட்டிங்கள ஓட்டிட்டு அந்தப் பக்கம் போயிடுச்சு. இறங்கலாமா?

— நான் இறங்க மாட்டேன்.

— அக்கா.

— இன்னிக்குத் தேதில அஞ்சுன்னு எழுதிட்டா ஆச்சா? புஸ்தகத்துல என்ன வரும்? பதினோரு வருஷம் கழிச்சு ஐயாவும் அவர் பிள்ளைகளும் முதல் தடவையா கண்டுபிடிச்சாங்கன்னு வரும். அம்மா பார்த்ததையும் நாம எடுத்துக்கிட்டோம்னு ஆகும். பழைய பக்கத்தை எடுங்க. அந்தத் தேதில எழுதுங்க.

— அது முடியாதும்மா. அன்னிக்குப் பார்த்தது அன்னிக்கு ரெண்டு பேர் பார்த்ததா இருக்கணும்.

— என் பேரைப் போட்டுக்கோங்கப்பா. நானும் பார்த்தேன்னு எழுதுங்க. யார் வந்து கேக்கப்போறா?

— நீ கார்ல தூங்கினே. பொய்ச் சாட்சி வேண்டாம்.

— இப்பக்கூடவா அப்பா? கண்ணால பார்த்தப்பறமும் உங்களுக்கு அவங்களைவிட அந்த நோட்டுதான் பெருசா? குடுங்க, நானே எழுதறேன். எந்தப் பக்கம்? இது இல்ல. இதுவும் இல்ல. இதோ, அந்த வருஷம். என் கையெழுத்து. வாத்து தொள்ளாயிரம், முடிக்கப்படவில்லை. இது என்னப்பா?

— என்ன?

— கடைசில ஒரு வரி காலியா இருக்கு.

— அதனால என்னக்கா?

— உனக்குத் தெரியாதா? பக்கம் முடிஞ்சதும் மிச்சம் இருக்கற இடத்துல அப்பா குறுக்குக் கோடு போட்டு அடைச்சுடுவார். ஆபீஸ் பழக்கம். வெத்து வரி விட்டா யாராவது பின்னால எதையாவது சொருகிடுவாங்கன்னு. முன்பக்கம் பாரு, கோடு. அடுத்த பக்கம், கோடு. இருபத்தாறு வருஷமும் கோடு. இதுல மட்டும் நாலு வரியை அடைச்சுட்டு ஒரு வரியை விட்டிருக்கார்.

— மறந்திருப்பார்க்கா.

— அப்பாவா?

— நோட்டைக் குடு பாப்பா.

— எழுதறீங்களா?

— குடு. பேனாவையும் குடுடா.

— அப்பா, நான் வேணா எழுதட்டுமா?

— வேண்டாம். இது நான்தான் எழுதணும்.

— சரி, எழுதுங்க. அம்மா பேரை முழுசா எழுதுங்க. சும்மா 'மனைவி'ன்னு போடாதீங்க.

— முழுசாத்தான் எழுதறேன்.

— முடிச்சுட்டீங்களா? கையை எடுங்க, பார்க்கறேன்.

— மை காயட்டும்.

— கையை எடுங்கப்பா. 'காலை ஏழு இருபது. மேற்குக் கரை, சாய்ந்த மரத்து வேர். நீர்நாய், மூன்று.' மூணா? பாருங்க, இதைக்கூடத் தப்பா எழுதறீங்க. இன்னிக்கு நாம பார்த்தது அஞ்சு. அம்மா அன்னிக்கு ஓடி வந்ததுலேர்ந்து ஆஸ்பத்திரில கண்ணை மூடற வரைக்கும் ரெண்டுன்னுதான் சொன்னாங்க. ஒரு தடவைகூட மாத்திச் சொன்னதில்ல. மூணு எங்கேர்ந்து வந்துது?

— அவ நின்ன இடத்துலேர்ந்து ரெண்டுதான் தெரியும், பாப்பா. குட்டி வேருக்குத் தண்ணிப் பக்கமா இருந்துது. கிழக்குப் பரண்லேர்ந்து நான் பார்த்தப்ப மூணும் தெரிஞ்சுது.